ஏலத்தில் எடுப்பதா, கன்சல்டிங்கில் வாங்குவதா? கம்பத்திலிருந்து ஒரு வண்டிக் கணக்கு

போன வாரம் அக்கா மகன் வந்திருந்தான். கேரளத்தின் இடுக்கியில், அணக்கரை பக்கம் இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். உர மூட்டை ஏற்றிப் போகவும், பறித்த பச்சைக்காயை உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டு சேர்க்கவும் சின்னதாக ஒரு பிக்கப் வேண்டும். கையிருப்பு நான்கு லட்சம் ரூபாய். சாப்பிட்டு முடித்ததும் கைபேசியை என்னிடம் நீட்டினான்.

"மாமா, இதே மாடல் வண்டியைக் கன்சல்டிங்கில் நான்கு லட்சம் சொல்கிறார்கள். இந்த இணைய ஏலத்தில் ஆரம்ப விலை ஒன்றே முக்கால் லட்சம்தான். கேட்டுவிடட்டுமா?"

பழைய வண்டி வாங்கி விற்கும் கடையைத்தான் நாங்கள் கன்சல்டிங் என்கிறோம். சரி என்றோ வேண்டாம் என்றோ உடனே சொல்ல முடியவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதே ஒன்றே முக்கால் லட்சத்தைப் பார்த்துத்தான் நானும் ஏலத்தில் இறங்கினேன். அன்று எழுதிய கணக்கு நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதை எடுத்து அவன் முன்னால் விரித்து வைத்துப் பேசினேன். அவனைப் போல முதல்முறை இணைய ஏலத்துக்குப் போகும் எல்லோருக்கும், முக்கியமாக மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிழைப்பு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு, அந்தப் பேச்சு பயன்படும் என்று நினைக்கிறேன்.

நமக்கு ஏலம் புதிதல்ல. செடிக்கும் ஏலம் என்று பெயர். அது விற்கும் முறைக்கும் ஏலம் என்றே பெயர். போடிநாயக்கனூரிலும் வண்டன்மேட்டுக்கு அருகே புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையங்களில் காய் ஏலம் போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கும் கணினி வழியாகத்தான் விலை கேட்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லாட்டின், அதாவது தொகுப்பின், மாதிரிக் காயும் வியாபாரியின் கைக்கு வந்துவிடும். நிறத்தைப் பார்த்து, காயை உடைத்து, விதையை மென்று பார்த்த பிறகுதான் விரல் விசைக்குப் போகிறது. வண்டி ஏலத்தில் அந்த மாதிரித் தட்டு கிடையாது. ஆறு படங்களும் நான்கு வரி விவரமும்தான் தருவார்கள். மாதிரியைத் தேடி நாம்தான் போக வேண்டும். போகிற செலவையும் போகிற நாளையும் கணக்கில் சேர்க்காதவருக்கு ஏலம் எப்போதும் மலிவாகத்தான் தெரியும்.

வண்டி வாங்க மூன்று வழிகள் இருக்கின்றன. கடன் நிறுவனம் பறிமுதல் செய்த வண்டியை இணைய ஏலத்தில் எடுப்பது ஒன்று. அரசுத் துறைகள் கழித்துவிட்ட வண்டியை இணைய ஏலத்தில் எடுப்பது இன்னொன்று. மூன்றாவது, ஏலத்தையே விட்டுவிட்டுக் கன்சல்டிங்கிலோ தெரிந்தவரிடமோ நேரடியாக வாங்குவது.

தவணை தவறிய வண்டி

நான் எடுத்தது இந்த வகை வண்டி. கோட்டயம் பக்கத்தில், பறிமுதல் வண்டிகளை நிறுத்திவைக்கும் ஒரு யார்டில் கிடந்தது. ஏலத்தில் கடைசியாக நான் கேட்ட விலை 2,60,000 ரூபாய். அன்று கம்பத்தில் அதே வயதுள்ள வண்டி, ஓடுகிற நிலையில், 4,05,000 ரூபாய். கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் மிச்சம் என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நோட்டில் அதற்குக் கீழே இருப்பதை அவனுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினேன். ஏல நிறுவனத்தின் சேவைக் கட்டணம் வரியோடு 11,800. பணம் கட்டி வண்டியை எடுக்க நாளானதால் யார்டு வாடகை 4,500. பேட்டரி செத்திருந்ததால் வண்டியை இன்னொரு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம், அதற்கு 9,000. நான்கு டயர் 22,000. பேட்டரி 6,500. கிளட்ச், பிரேக் வேலை 18,200. இன்சூரன்ஸ் காலாவதியாகி இருந்தது. புதிதாக எடுக்க 21,000. கேரளப் பதிவைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற வரி, கட்டணம், அலைச்சல் எல்லாம் சேர்த்து 27,000. மொத்தம் 3,80,000 ரூபாய்.

அப்படியும் 25,000 ரூபாய் மிச்சம்தானே என்று கேட்டான். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பதிவை மாற்றக் கேரள அலுவலகம் தர வேண்டிய தடையில்லாச் சான்று கைக்கு வரும்வரை மூன்றரை மாதம் வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. சரியாகக் காய் பறிக்கும் காலம். வாடகை ஜீப்புக்கு 15 நடை, நடைக்கு 1,800 ரூபாய், ஆக 27,000. கன்சல்டிங்கில் வாங்கியிருந்தால் 2,000 ரூபாய் குறைவாகவே முடிந்திருக்கும். வண்டியும் அடுத்த நாளே மலை ஏறியிருக்கும்.

இதனால் கடன் நிறுவன ஏலமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த வண்டி இன்றும் நன்றாக ஓடுகிறது. என் கணக்கு பிழைத்த இடங்கள் இரண்டு. ஒன்று, மெக்கானிக்கை அழைத்துப் போகாமல் படத்தைப் பார்த்தே விலை கேட்டது. இரண்டு, வண்டி எந்த மாநிலப் பதிவு என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டது.

முதலாவதைத் திருத்துவது எளிது. ஏல அறிவிப்பில் வண்டியைப் பார்வையிடும் நாளும் நேரமும் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் எஞ்சினை இயக்கிப் பார்க்க விடுவார்கள். ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரை ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் எலி கடித்த வயரும், திருட்டுப் போன ஸ்டெப்னியும் பேட்டரியும் வழக்கம். "இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்" என்று அறிவிப்பில் ஒரு வரி இருக்கும். அதற்குப் பொருள், பிறகு எந்தக் குறைக்கும் அவர்கள் பொறுப்பில்லை என்பதுதான். அந்த வரியை நான் படித்திருந்தேன். ஆனால் அதன் பொருள் டயரைக் கையால் தொட்டுப் பார்த்த நாளில்தான் எனக்குப் புரிந்தது.

என்னை அதிகம் அலைய வைத்தது இரண்டாவது.

மேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பதிவு

கம்பம்மெட்டு வழியாகப் போனாலும், குமுளி வழியாகப் போனாலும், போடிமெட்டு வழியாகப் போனாலும் ஒரு மணி நேரத்தில் மாநிலம் மாறிவிடுகிறது. யார்டு அருகில் இருக்கிறது என்ற எண்ணத்தில் நாம் பதிவை மறந்துவிடுகிறோம். கே.எல். 05, கே.எல். 06 என்ற எண் பலகையுள்ள வண்டியைத் தேனியின் டி.என். 60 ஆக மாற்ற வேண்டுமென்றால், முதலில் அது பதிவான கேரள அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும். படிவம் 28 அதற்குத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 48ஆம் பிரிவு 30 நாளுக்குள் சான்றைக் கொடுக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும் என்கிறது. ஆனால் நிலுவையில் உள்ள அபராதம், வரி, கடன் பதிவு ஆகியவை தீராமல் அந்த 30 நாள் தொடங்கவே தொடங்காது என்பதை அனுபவத்தில் கண்டேன். என் வண்டியின் பழைய உரிமையாளர் பேரில் ஐந்து அபராதங்கள் நின்றன. அவற்றைக் கட்டியது நான்தான்.

அடுத்தது பெயர். தவணை தவறிய வண்டியின் ஆர்.சி. இன்னும் கடன் வாங்கியவர் பெயரில்தான் இருக்கும். கடன் நிறுவனம் படிவம் 36 கொடுத்து, புதிய ஆர்.சி.யைத் தன் பெயரில் வாங்கிய பிறகு உங்களுக்கு மாற்றிக் கொடுப்பது ஒழுங்கான முறை. அதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பழைய உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பும். இந்த வேலையை யார் செய்வது, எத்தனை நாளில் செய்வது என்று ஏல நிபந்தனையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "ஆவணங்கள் உள்ளபடி வழங்கப்படும்" என்று மட்டும் இருந்தால் அந்த வேலை முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் படிவம் 35ஐயும் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது பணக் கணக்கில் வராதது. யார்டில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் பிழைப்பு இழந்த ஒருவர் இருக்கிறார். நான் எடுத்த வண்டியின் டாஷ்போர்டில் ஒரு குழந்தையின் பள்ளி அடையாள அட்டை கிடந்தது. அதை யார்டு சேட்டனிடம் கொடுத்து, உரியவரிடம் சேர்க்கச் சொன்னேன். அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007ஆம் ஆண்டு ஒரு வங்கி வழக்கில் கண்டித்திருக்கிறது. முறையான அறிவிப்புக் கொடுத்துத்தான் வண்டியை எடுத்தார்களா, விற்பதற்கு முன் கடன் வாங்கியவருக்குக் கடிதம் அனுப்பினார்களா என்று கேட்டு, அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அது அவருக்கும் நியாயம், உங்களுக்கும் பாதுகாப்பு. முறையின்றிப் பறித்த வண்டிக்கு வழக்கு வந்தால், அதற்குள் அகப்படுவது வாங்கியவரும்தான்.

அரசு கழித்த வண்டி

ஒரு காலத்தில் நம் பக்கத்து எஸ்டேட்டுகளில் துறை ஜீப் வாங்குவது பெருமையாக இருந்தது. ஓட்டுநர் ஒருவரே கையாண்ட வண்டி, பராமரிப்புப் பதிவேடு இருக்கும், மலையில் ஓடிப் பழகியது. அந்த நினைவில் என் நண்பர்கள் சிலர் இன்னும் அரசு ஏலங்களைத் தேடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது என்பதுதான். அன்றிலிருந்து 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அவை பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்களுக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட லாட்டுகளை நம்மைப் போன்றவர்கள் கேட்கவே முடியாது.

பதினைந்து வயதுக்கு உட்பட்ட வண்டிகளும் ஏலத்துக்கு வருவதுண்டு. மத்திய எஃகு அமைச்சகத்தின் கீழ் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் எம்.எஸ்.டி.சி. இதில் பழைய நிறுவனம்; 1964ஆம் ஆண்டு உலோகக் கழிவு வணிகத்துக்காகத் தொடங்கப்பட்டது. அரசு கொள்முதலுக்காக 2016ஆம் ஆண்டு வந்த ஜெம் தளத்திலும் ஏலம் நடக்கிறது. லாட் விவரத்தில் ஆர்.சி. உண்டா இல்லையா என்ற சொல்லைத் தேடுங்கள். ஆர்.சி. இல்லாத லாட் என்றால் அது இரும்பு மட்டுமே. எவ்வளவு நன்றாக ஓடினாலும் சாலைக்கு வராது.

இந்த வழியின் நல்ல பக்கம் காகிதம்தான். அரசு நடத்தும் பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் படிவம் 32 என்று தனிப் படிவமே இருக்கிறது. விற்பனையை உறுதிசெய்த ஆணையோடு, வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் கொடுத்துப் பெயர் மாற்றலாம். தலைமறைவான பழைய உரிமையாளரைத் தேடி அலைய வேண்டாம். கடன் பதிவும் இருக்காது. கெட்ட பக்கம், நமக்கு வேண்டிய வண்டி நமக்கு வேண்டிய நேரத்தில் வராது. அவசரம் இல்லாதவருக்கு, மாதக்கணக்கில் பொறுத்துப் பார்க்கக்கூடியவருக்கு ஏற்ற வழி இது. மாவட்டக் காவல்துறை மதுவிலக்கு வழக்குகளில் பிடித்த வண்டிகளை விடும் ஏலம் இதில் சேராது. அது பெரும்பாலும் ஆயுதப்படை மைதானத்தில் நேரடியாக நடக்கும். செய்தித்தாளில் அறிவிப்பு வரும்.

கன்சல்டிங்

இதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி. விலை கூடுதல். ஆனால் வண்டியில் நான்கு மூட்டை ஏற்றி, கம்பம்மெட்டுச் சாலையில் பாதி தூரம் ஏறி, இறக்கத்தில் பிரேக் சூடாகிறதா என்று பார்த்துவிட்டு வரலாம். அந்த ஒரு மணி நேரத்துக்கு என் கணக்கில் முப்பதாயிரம் ரூபாய் மதிப்பு உண்டு. பாதிப் பணத்துக்கு வங்கிக் கடனும் ஏற்பாடு செய்யலாம். ஏலத்திலோ சில நாளுக்குள் முழுப் பணமும் கட்ட வேண்டும்.

இங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான வெற்றுப் படிவங்கள் 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்; வண்டி மூன்று கை மாறியிருக்கும்; ஆர்.சி. மட்டும் முதல் ஆள் பெயரிலேயே இருக்கும். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்பவர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும். கடைக்கு வந்த வண்டியைத் தம் கணக்கில் அறிவிக்க வேண்டும். அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். விற்றுவிட்ட வண்டியானாலும் விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைச் சொன்னால் விற்பவரே பெயர் மாற்ற அவசரப்படுவார். இன்சூரன்ஸ் மாற்றத்துக்குச் சட்டம் தரும் நாள் பதினான்கு.

ஏலம் கேட்கிறபோது

எந்த இணைய ஏலமானாலும் விலை ஏலத்துக்கு முதல் நாள் இரவே முடிவாகிவிட வேண்டும். கன்சல்டிங் விலையிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். 4,00,000 என்றால், அதில் டயர், பேட்டரி, பழுது, இன்சூரன்ஸ், ஏற்றிவரும் செலவு, சேவைக் கட்டணம், பதிவு மாற்றம், வண்டி ஓடாமல் நிற்கும் நாட்களின் வாடகை எல்லாவற்றையும் கழியுங்கள். பார்க்க முடியாத குறைகளுக்கென்று இன்னும் முப்பதாயிரம் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் உச்ச விலை. அதைத் தாளில் எழுதி, ஏலத்தில் உங்களோடு உட்காராத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். நான் என் மனைவியிடம் கொடுக்காமல் விட்டது தவறு. 2,35,000 என்று எழுதிவைத்துவிட்டு 2,60,000 வரை போனேன். போகும்போது ஒவ்வொரு முறையும் "இன்னும் ஐயாயிரம்தானே" என்றுதான் தோன்றியது.

அமெரிக்காவில் எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971ஆம் ஆண்டு ஒன்றைக் கண்டு எழுதினார்கள். ஒரே வயலின் மதிப்பைப் பல நிறுவனங்கள் தனித்தனியே கணிக்கும்போது, ஏலத்தில் வெல்வது பெரும்பாலும் மதிப்பை மிகக் கூடுதலாகக் கணித்த நிறுவனம்தான். அதனாலேயே வென்றவருக்கு நட்டம் வருகிறது. யார்டில் நிற்கும் பிக்கப்புக்கும் இது அப்படியே பொருந்தும். இருபது பேர் பார்த்துவிட்டு ஒதுங்கிய விலைக்கு நீங்கள் மட்டும் எடுக்கிறீர்கள் என்றால், அவர்கள் பார்த்த எதையோ நீங்கள் பார்க்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். வழக்கமாக வரும் வியாபாரிகளுக்குச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் இருக்கும், பழுது செலவு பாதிதான் ஆகும். அவர்களே விட்ட விலைக்கு மேல் நாம் போனால், நமக்குக் கட்டுபடியாகாது.

கடைசி நிமிடத்தில் விலை சொல்லி மற்றவர்களைத் திகைக்க வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். முடியும் நேரம் மாறாத ஏலங்களில் அது எடுபடலாம். நம் நாட்டு வண்டி ஏலங்களிலும் வங்கி ஏலங்களிலும் பெரும்பாலும் கடைசிச் சில நிமிடங்களில் யாராவது விலை கேட்டால் முடியும் நேரம் தானாக நீளும். காத்திருந்து தட்டுவதில் லாபம் இல்லை. சூடு பிடிக்கத்தான் அது உதவும். உச்ச விலையை முன்பே கொடுத்து வைத்தால் படிப்படியாக நமக்காகக் கேட்கும் வசதி சில தளங்களில் இருக்கிறது. முதல்முறை போகிறவருக்கு நான் அதையே சொல்வேன். விலையைக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடலாம்.

ஏலத்தில் முதல் ஆளாக வந்தாலும் வண்டி உடனே உங்களுடையதாகிவிடாது. "ஒப்புதலுக்கு உட்பட்டது" என்று குறித்த வண்டிக்கு நிறுவனம் சம்மதித்தால்தான் விற்பனை முடியும். ஏலத்தில் சேர நீங்கள் முன்பே கட்டிய முன்வைப்புத் தொகை அதுவரை அவர்களிடம்தான் இருக்கும். வென்றபின் பணம் கட்டாமல் விட்டால் அந்தத் தொகை போய்விடும். ஆகவே கடனாகக் கேட்ட பணத்தை நம்பி விலை கேட்காதீர்கள்.

பழைய ஏல விலைகளைப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது என்று நாடே பேசியது. அது ஒரு லாட்டுக்குக் கிடைத்த உச்ச விலை. அன்றைய சராசரி அதைவிட வெகுவாகக் குறைவு. அதைச் சராசரி என்று நினைத்துத் தோட்டம் வாங்கியவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஒரு வண்டி ஒன்றரை லட்சத்துக்குப் போனது என்று கேள்விப்பட்டால் அது எந்த நிலையில் போனது என்றும் கேளுங்கள்.

போலித் தளங்கள் பெருகியிருக்கின்றன. வங்கி பெயரிலும் அரசு பெயரிலும் அச்சாக அப்படியே செய்து வைத்திருப்பார்கள். முன்வைப்புத் தொகையைத் தனி ஆளின் கணக்குக்கோ கைபேசி எண்ணுக்கோ அனுப்பச் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

அக்கா மகன் நடுவில் இன்னொன்றையும் கேட்டான். நெடுங்கண்டம் பக்கத்தில் ஒரு வங்கி கடையோடு கூடிய இடத்தை ஏலத்துக்கு விட்டிருக்கிறதாம், விலை பாதிதானாம். முதல் ஏலமாக நிலத்தை நினைத்துக்கூடப் பார்க்காதே என்றேன். வங்கிகள் கடனை வசூலிக்க வந்த 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி நடக்கும் அந்த ஏலங்களில் வென்ற அன்றோ மறுநாளோ 25 விழுக்காடு கட்ட வேண்டும். மீதிக்குப் பொதுவாக 15 நாள்தான். வங்கி கையில் இருப்பது பெயரளவு உடைமையா, சாவியோடு கூடிய உடைமையா என்பது தெரியாமல் போனால், உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றும் வழக்கும் சேர்ந்து வரும். பழைய உரிமையாளர் வைத்த மின்கட்டண பாக்கியை, விதிகள் இடம் தரும்போது, ஏலத்தில் எடுத்தவரிடமே வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்தது. அது கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கே. இடுக்கியில் இதற்கெல்லாம் மேலே, பட்டயம் என்ற அரசின் நில உரிமை ஆவணம் என்ன நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வி இருக்கிறது. விவசாயத்துக்கும் வீட்டுக்கும் கொடுத்த நிலத்தில் கடை நிற்கலாமா என்பது அங்கே பல ஆண்டுச் சிக்கல். மலையாளப் பத்திரத்தை வாசித்துச் சொல்லும் உள்ளூர் வழக்கறிஞர் இல்லாமல் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சரி, அவனுக்கு எது? அவனுக்கு அடுத்த பறிப்புக்குள் வண்டி வேண்டும். கையிலிருப்பது நான்கு லட்சம்தான். காகிதத்துக்கு அலைய வேறு ஆளில்லை. அரசு ஏலம் அவன் நாட்களுக்கு ஒத்துவராது. மேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பதிவுள்ள ஏல வண்டியும் வேண்டாம். தமிழ்நாட்டுப் பதிவு, ஆர்.சி. கடன் நிறுவனத்தின் பெயருக்கு ஏற்கெனவே மாறியது, தகுதிச் சான்றான எஃப்.சி. இன்னும் ஆறு மாதமாவது இருப்பது, பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பும் தூரம்: இந்த நான்கும் ஒன்றாக அமைந்தால் ஏலம் கேட்கலாம். ஒன்று குறைந்தாலும் கன்சல்டிங்கில் பேரம் பேசி 3,80,000க்கு முடிப்பதே நல்லது. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும் என்பதால் வயதையும் பார்க்கச் சொன்னேன். ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. தினமும் சோதனைச்சாவடி கடக்கிறவனுக்கு அது பெரிய நிம்மதி. கேரளத்து வரியை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, கடன் பதிவு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொடுத்தேன். நிலுவை அபராதங்களுக்கு இ-சலான் தளம் தனி. அவன் உட்கார்ந்த இடத்திலேயே ஏழு வண்டிகளைத் தட்டிப் பார்த்து நான்கைப் பட்டியலிலிருந்து அடித்தான்.

திங்கட்கிழமை மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு தேனி பக்கத்து யார்டுக்குப் போகிறோம். பட்டியலில் மூன்று வண்டிகள் மிஞ்சியிருக்கின்றன. இரண்டு டி.என். 60. மூன்றாவது கே.எல். 06, அதற்கு எதிரே "பார்க்க மட்டும்" என்று அவனே எழுதியிருக்கிறான். உச்ச விலை எழுதிய தாள் அக்காவிடம் இருக்கிறது.